டாஸ்க்பார் இடம்பெயர்ந்த வழக்கு

ஷார்ஜாவில் ரோலா சதுக்கத்துக்குப் பின்னால், எக்ஸ்சேஞ்ச் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், பெயரை ஏன் இந்த எழுத்துருவில் அச்சடித்தாய் என்று கேட்டு அவர்களிடமிருந்து ஒரு சர்குலர் வரும். கட்டடங்களின் ஏசி குழாய்க்குள் படியும் தூசியை உறிஞ்சி எடுப்பது அவர்கள் தொழில். அந்தத் தொழிலை லேபர் கேம்ப்பில் இருக்கும் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆபீசில் இருப்பவர்களின் தொழில் சர்குலர்.

அங்கே அக்கவுண்ட்ஸில் அனந்தகிருஷ்ணன் என்று ஒருவர் இருக்கிறார். திருச்சிக்காரர். மனைவி பத்மா, பத்தாவது படிக்கும் மகள் தாரிணி, அல் நஹ்தாவில் ஒரு ஃபிளாட், வாய் திறக்காமல் சேர்த்துவைத்த நல்ல பெயர். லிஃப்டில் முதலில் யார் ஏறுவது என்று தகராறு வந்தால் இவர் படியில் இறங்கிப் போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இந்தக் குற்றத்தைச் செய்தார்.

குற்றம் இதுதான். அபுதாபியிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி வர இருந்ததற்கு முந்தின சாயங்காலம், கான்ஃபரன்ஸ் அறையின் பெரிய திரையில் தன் கணக்குகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்று பார்க்கப் போனார். எல்லாம் தெரிந்தது. கடைசியில் இருக்கும் மொத்தம் மட்டும் தெரியவில்லை. ஒரு வரி இடம் போதவில்லை. திரையின் அடியில் ஸ்டார்ட் பட்டனும் கடிகாரமுமாக நீளமாகப் படுத்துக் கிடக்குமே, டாஸ்க்பார் என்கிற பட்டை, அதை மவுஸால் பிடித்து இழுத்து இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினார். மொத்தம் தெரிந்தது. சந்தோஷமாக, உள்ளே வந்த அதே வழியில், அக்கவுண்ட்ஸுக்குத் திறக்கும் சின்னக் கதவு வழியாகவே வெளியே வந்து வீட்டுக்குப் போய்விட்டார். பட்டையைப் பழைய இடத்தில் திருப்பி வைக்க மறந்துபோனார்.

மறுநாள் காலை பார்ட்டி வந்து உட்கார்ந்தது. கம்பெனியின் ஜெனரல் மேனேஜர் விஜயபாஸ்கர் மவுஸைக் கையில் எடுத்தார். அவர் ஹைதராபாத்காரர். ஸ்டார்ட் பட்டன் வழக்கமாக இருக்கும் மூலையில் அழுத்தினார். அங்கே ஒன்றும் இல்லை. மறுபடியும் அழுத்தினார். அங்கே இருந்தது அனந்தகிருஷ்ணனின் மொத்தம்தான். அதன் மேல் ஏதேதோ பெட்டிகள் திறந்தன, மூடின. "சிஸ்டம் இன்று கொஞ்சம் ஸ்லோ" என்று விருந்தினர்களிடம் சொல்லிவிட்டு மேலும் அழுத்தினார். வந்தவர்கள் பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள், அரபுக் காப்பியான கஹ்வா குடித்தார்கள், திரும்பவும் கஹ்வா குடித்தார்கள், எழுந்து போய்விட்டார்கள்.

அன்று மதியம் எல்லோரையும் ஒரே இடத்தில் நிற்கவைத்து விஜயபாஸ்கர் பேசினார்.

"நண்பர்களே, ஸ்டார்ட் பட்டனை நான் கண்டுபிடிக்கவில்லை என்று சிலர் பேசிக்கொள்கிறீர்கள். அது தவறு. நான் தேடிய இடத்தில் ஸ்டார்ட் பட்டன் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது ஒரு மனிதனின் குறை. இரண்டாவது ஒரு நிறுவனத்தின் குறை. நான் வெறும் மனிதன். எனவே குறையை நிறுவனத்திடமே விட்டுவிடுகிறேன். டாஸ்க்பார் நமக்குத் தரை. தரை எழுந்து சுவரில் ஏறிக்கொண்டால் நான் எங்கே நிற்பது?"

எல்லோரும் கைதட்டினார்கள். அனந்தகிருஷ்ணனும் தட்டினார். சார், அது நான்தான், மறந்துட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்றவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்ததால் இவரும் தட்டினார்.

அன்றே டெஸ்க்டாப் டிசிப்ளின் கமிட்டி பிறந்தது. தலைவர் விஜயபாஸ்கர். உறுப்பினர்கள் ஐ.டி. பார்க்கும் லக்னோ சாகிர், எச்.ஆர். பார்க்கும் பிலிப்பைன்ஸ் மேடம் மேரிசெல். கமிட்டி பிறந்த கையோடு சர்குலர்களும் பிறந்தன. டாஸ்க்பாரில் யார் எத்தனை ஐகான் வைத்துக்கொள்ளலாம் என்பது அவரவர் கிரேடைப் பொறுத்தது. கிளார்க்குக்கு நான்கு. மேனேஜருக்கு ஒன்பது. ஜெனரல் மேனேஜருக்கு எல்லை கிடையாது, ஆனால் அவர் இரண்டுதான் வைத்திருந்தார். மூன்றாவதை எப்படி வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரத் துணியவில்லை. ஒரு ஐகானைப் பட்டையில் 'பின்' செய்து நிரந்தரமாக நிறுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பின் செய்ததை எடுக்க என்.ஓ.சி. வேண்டும். தற்செயலாகத் திறந்த புரோகிராம் பட்டையில் விசிட் விசாவில் நிற்கலாம், சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் வெளியேறிவிட வேண்டும். நோட்பேட் யாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்து, அதன் விசாவைக் கேன்சல் அடித்து அனுப்பிவிட்டார்கள்.

கடைசி சர்குலர் இன்னும் கண்டிப்பானது. டாஸ்க்பார் இனி இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கும், அப்போதுதான் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தப்பாது. எதைத் திறந்தாலும் அது திரை முழுவதும் திறக்க வேண்டும், ஏனென்றால் ஜன்னலைச் சின்னதாக்கி வைத்திருப்பவர் எதையோ மறைக்கிறார். எது திறந்திருந்தாலும் டாஸ்க்பார் அதன் மேல்தான் நிற்கும், டாஸ்க்பாரை மறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. சாகிர் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து இதையெல்லாம் பூட்டினான். திரையில் பாதி வேலை பட்டைக்கு அடியில் போய்விட்டது. யாரும் குறை சொல்லவில்லை. குறை சொல்வதற்கு ஒரு கிரேடு இருந்தது, அது அங்கே யாருக்கும் இல்லை.

இனி குற்றவாளி வேண்டும். வராந்தாவில் இருக்கும் கேமராவைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் கான்ஃபரன்ஸ் அறைக்குள் போய் வந்தது ஒரே ஆள். கையில் துணி, வாளி. சோலைமுத்து. அக்கவுண்ட்ஸ் பக்கத்துச் சின்னக் கதவைப் பார்க்கிற கேமரா கிடையாது.

சோலைமுத்து முதுகுளத்தூர் பக்கத்து ஆள். ஆபீசைக் கூட்டித் துடைத்து, பேன்ட்ரியில் டீ போடுவது அவன் டியூட்டி. ஜல்தி, அச்சா, மாஃபி, கலாஸ் என்று இந்தியும் அரபியுமாக நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரைத் துடைப்பான், அதோடு சரி. அடுத்த மாதம் அவனுக்கு லீவு. அக்கா நாகஜோதியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அக்காவுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். இவனுக்கு லீவு கிடைக்காமல் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்டதில் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டது. ரோலாவில் வாங்கிய குட்டித் தோட்டைப் பேன்ட்ரிக்கு வருகிற எல்லோரிடமும் காட்டியிருந்தான். அனந்தகிருஷ்ணனிடம் இரண்டு முறை காட்டினான்.

விசாரணை முடியும்வரை லீவு இல்லை என்று மேரிசெல் அறிவித்தாள். விசாரணைக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழர் தேவைப்பட்டார். ஆபீசில் சோலைமுத்துவைத் தவிர வேறு தமிழர் ஒருவர்தான் இருந்தார்.

அப்படித்தான் அனந்தகிருஷ்ணன், தான் செய்த குற்றத்துக்கு இன்னொருவனை விசாரிக்கும் இடத்தில் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். முந்தின இரவு அவர் ஒரு தீர்மானம் செய்திருந்தார். இவன் எப்படியும் இல்லை என்று சொல்வான், சாட்சி இல்லை, கமிட்டி கலைந்துவிடும். உண்மை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், நாம் எதற்கு நடுவில் என்று நினைத்தார்.

விஜயபாஸ்கர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. மேசையைத் தட்டி, விரலை நீட்டி, நேராகவே கேட்டார். "யூ! டாஸ்க் பார்? யூ, டாஸ்க் பார்?"

சோலைமுத்துவின் முகம் சுண்டிப்போனது. அனந்தகிருஷ்ணன் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டான்.

"சார், இவுகளுக்கு யாரு சார் சொன்னது?"

"எதை?"

"அதான் சார். டாஸ்மாக் பார் விஷயத்த."

அனந்தகிருஷ்ணனுக்கு முதலில் புரியவில்லை. சோலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக்கொண்டே போனான்.

"சத்தியமா ஒரே ஒரு தடவதான் சார். எங்க ரூம் பாலகுரு இருக்கான்ல, அவந்தான் கூப்பிட்டான். நம்மூரு டாஸ்மாக் பார் மாதிரியே இருக்கும்டா, வாடான்னு அஜ்மானுக்குக் கூட்டிட்டுப் போனான். ஓரமா உக்காந்து கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வந்துட்டம். இங்க ஷார்ஜாவுல அதெல்லாம் எம்புட்டுக் குத்தம்னு எனக்குத் தெரியும். போலீசுக்குப் போயிருமா சார்?"

அனந்தகிருஷ்ணனுக்கு இப்போது புரிந்தது. 'அது இல்லப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டை இருக்கு, அதைக் கேக்குறாங்க' என்று ஒரு வரி சொன்னால் போதும். அவன் சிரித்துவிட்டு, அதை நான் தொடவே இல்லை என்பான். பிறகு கமிட்டி, அப்படியானால் யார் என்று யோசிக்கும். சின்னக் கதவு ஒன்று இருப்பது யாருக்காவது ஞாபகம் வரும். அடுத்த மாதம் விசா புதுப்பிக்க வேண்டும். தாரிணிக்குப் பரீட்சை.

அந்த ஒரு வரியை அவர் சொல்லவில்லை.

"என்ன சொல்கிறான்?" என்றார் விஜயபாஸ்கர்.

"ஒரே ஒரு தடவைதானாம், சார்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சாகிர், "கபூல் கர் லியா" என்று மேரிசெல்லிடம் சொன்னான். ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம். அவளுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் எழுதிக்கொண்டாள்.

"யார் கற்றுக்கொடுத்தது?"

அனந்தகிருஷ்ணன் கேட்டார். சோலைமுத்து சொன்னான். "ரூமில் இருக்கும் நண்பர் கூப்பிட்டாராம்" என்று இவர் சொன்னார்.

"எந்த இடம் என்று கேளுங்கள். சரியாக எந்த இடம்?"

"எங்க உக்காந்தீங்கன்னு கேக்குறாங்க" என்றார் அனந்தகிருஷ்ணன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நொழஞ்ச ஒடனே எடது கைப் பக்கம் சார். ஓரத்துல."

"இடது பக்கம், சார். ஓரத்தில்."

விஜயபாஸ்கர் நாற்காலியில் சாய்ந்தார். குற்றவாளியைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாத விவரம் அது. "முப்பது வருட அனுபவம்" என்று தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டார். "முகத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்."

அனந்தகிருஷ்ணனின் மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை அவர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். குடித்த விஷயம் வெளியே வராமல் அவனைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார். கிங் ஃபைசல் ரோட்டு டிராஃபிக்கில் அதைச் சொல்வதற்கு நிறைய நேரம் கிடைத்தது. ஆனால் ஒருமுறைகூட அது அவருக்கு நம்பும்படியாக இல்லை.

தீர்ப்பு வந்தது. சோலைமுத்துவின் லீவு மூன்று மாதம் தள்ளிவைக்கப்பட்டது. திருந்தியவன் என்ற முறையில் அவன் எல்லோர் முன்னாலும் ஒரு விழிப்புணர்வு உரை ஆற்ற வேண்டும். இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவன் அனந்தகிருஷ்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"போலீஸ்ல குடுக்காம விட்டாகளே சார். கேன்சல் அடிச்சு அனுப்பிருவாகன்னு நெனச்சேன். நீங்க எதமா எடுத்துச் சொன்னதாலதான். இல்லன்னா நான் எங்கிட்டுப் போவேன்."

"காதுகுத்து?" என்று கேட்டார் இவர். ஏன் கேட்டோம் என்று இருந்தது.

"தள்ளிப்போட முடியாதுன்னுட்டாக. சித்தப்பா மகன் மடியில வச்சுக் குத்திருவாக. நான் செஞ்ச தப்புக்கு நாந்தான சார் படணும்." தோட்டை ஊருக்குப் போகும் ஆளிடம் கொடுத்தனுப்பப் போவதாகச் சொன்னான்.

மறுநாளிலிருந்து அனந்தகிருஷ்ணனுக்கு வரும் டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. வேறு யாருக்கும் அது இல்லை. அவருடைய கப் தனியாகக் கழுவப்பட்டது, நாற்காலி தினமும் துடைக்கப்பட்டது, மேசையில் தூசி என்பதே இல்லாமல் போனது. அவன் போன பிறகு அந்த டீயை ஜன்னலோரச் செடித் தொட்டியில் ஊற்றிவிடுவார். "சாருக்கு நல்லா இருந்துச்சா?" என்று வந்து கேட்பான். "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்பார். இப்படி ஒரு நாளைக்கு இரண்டு புதிய பொய்கள் சேர்ந்தன.

விழிப்புணர்வு தினத்தன்று பேனர் கட்டினார்கள், சமோசா வரவழைத்தார்கள். சோலைமுத்து வெளுத்த சட்டையில் மைக் முன்னால் நின்றான். அனந்தகிருஷ்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக இங்கிலீஷாக்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒண்ணும் ஆகாதுன்னுதான் நானும் மொதல்ல நெனச்சேன். கூட்டாளி கூப்பிட்டான், ஓரமாத்தான இருக்கப் போகுதுன்னு போனேன். ஆனா அது ஓரத்தோட நிக்காது. கொஞ்ச நேரத்துல எல்லாமே சாஞ்சு தெரியும். மேல எது, கீழ எதுன்னு வெளங்காது. எங்க கை வைக்கிறோம்னே தெரியாது. ஒருத்தன் செய்றதால அவனச் சேந்த அம்புட்டுப் பேருக்கும் தலக்குனிவு. என்னால இன்னைக்கு ஒரு பச்சப் பிள்ளைக்குக் காதுகுத்துல மாமன் மடி இல்ல. யாரும் அந்தப் பக்கமே போயிராதீக."

மேரிசெல் டிஷ்யூவால் கண்ணைத் துடைத்தாள். சாகிர், "பில்குல் சஹி" என்று ஆமோதித்துத் தலையாட்டினான். விஜயபாஸ்கர் மைக்கை வாங்கினார்.

"மேலே எது, கீழே எது என்று விளங்காது. எங்கே கை வைக்கிறோம் என்றே தெரியாது. நண்பர்களே, அன்று அந்த அறையில் நான் அனுபவித்தது சரியாக இதைத்தான். இந்த எளிய மனிதனுக்கு என்னைப் புரிகிறது." பிறகு அனந்தகிருஷ்ணனை மேடை நடுவுக்கு அழைத்து, கமிட்டிக்கு ஆற்றிய சேவைக்காக 'டாஸ்க்பார் காவலர்' என்று எழுதிய ஒரு பேட்ஜை அவர் சட்டையில் குத்தினார். முதலில் கைதட்டியவன் சோலைமுத்துதான்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து பத்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பத்மா சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நீங்க பேங்கையா கொள்ளையடிச்சீங்க? ஒரு பட்டையத்தான நகர்த்துனீங்க. அதைச் சொல்ல என்ன பயம்?"

"அது சின்ன விஷயம்தான், பத்மா. அதுக்கப்புறம் பண்ணினதுதான் பெருசு."

"அப்ப பெருசையும் சேத்துச் சொல்லுங்க. அந்த ஆளு ஊருக்குப் போகணும்ல."

தாரிணி போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் டெல் தெம், பா. வாட்ஸ் த பிக் டீல்?" என்றாள். இரண்டு பேரும் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. காதுகுத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

காலையில் போய் கமிட்டியின் முன்னால் நின்றார். "சார், டாஸ்க்பாரை நகர்த்தினது நான்தான். சோலைமுத்து இல்லை. அவன் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டான், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்தேன். தண்டனையை எனக்குக் கொடுங்கள், அவனுக்கு லீவு கொடுங்கள்."

விஜயபாஸ்கர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"அனந்தகிருஷ்ணன், உங்களுக்குப் பெரிய மனசு. உங்கள் ஊர்க்காரனுக்காக நீங்கள் பழியை ஏற்கிறீர்கள். ஆனால் யோசியுங்கள். சேர்மனுக்கு ரிப்போர்ட் போய்விட்டது. குற்றவாளி மாறினால் ரிப்போர்ட் தவறு. ரிப்போர்ட் தவறு என்றால் கமிட்டி தவறு. கமிட்டிக்குத் தலைவர் நான். நான் தவறு செய்யவில்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள் இல்லையா?"

"சார், அது வந்து..."

"ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் அதைச் செய்திருக்க முடியாது."

"சத்தியமாக நான்தான் சார்."

"சரி. நாங்கள் நியாயமானவர்கள். செய்து காட்டுங்கள்."

அவரைக் கான்ஃபரன்ஸ் அறைக்கு அழைத்துப்போய் மவுஸைக் கையில் கொடுத்தார்கள். அனந்தகிருஷ்ணன் பட்டையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தார். அசையவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்து இழுத்தார். மவுஸ் மேசையின் விளிம்புக்குப் போய்க் கீழே விழுந்தது. பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

"லாக் கர் தியா, பாய்" என்றான் சாகிர், பெருமையாக. பூட்டியாயிற்று என்று அர்த்தம்.

"பார்த்தீர்களா?" என்றார் விஜயபாஸ்கர். "உங்களால் முடியவில்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், மேரிசெல். போய் டீ குடியுங்கள், அனந்தகிருஷ்ணன். உங்களுக்கு ஓய்வு தேவை."

சோலைமுத்துவிடமாவது சொல்லிவிடலாம் என்று பேன்ட்ரிவரை போனார். அவன் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தான். "ஒக்காருங்க சார், ஒரு நிமிசம்" என்றான். அவர் டீயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

காதுகுத்தன்று காலை விஜயபாஸ்கர் துபாயில் ஒரு மீட்டிங்கில் இருந்தார். சோலைமுத்து துணியும் கையுமாக அனந்தகிருஷ்ணனின் மேசைப் பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தான். போனில் வீடியோ கால் இந்த ஊரில் ஒழுங்காக வராது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் மீட்டிங் சாஃப்ட்வேரில் வரும். அனந்தகிருஷ்ணனே கூப்பிட்டு, நாகஜோதியின் போனுக்கு லிங்க் அனுப்பி, தன் நாற்காலியில் அவனை உட்காரவைத்தார். அவன் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தான். இதையாவது செய்கிறோமே என்று அவருக்கு இருந்தது.

திரை முழுவதும் முதுகுளத்தூர் பக்கத்துக் குலதெய்வக் கோயில் விரிந்தது. வேப்பமரம், பந்தல், புதுச்சேலைகள், மேளக்காரர். போனை எதன் மேலோ சாய்த்து வைத்திருந்தார்கள். மேல்பாதியில் மரமும் வானமும் இருந்தன. கீழே சித்தப்பா மகனின் சட்டைப்பை தெரிந்தது. அதற்கும் கீழே, மடி இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு மடங்கு உயரத்தில் டாஸ்க்பார் இருந்தது. நான்கு ஐகான்கள், ஒரு கடிகாரம். நடுவில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு தலையின் உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது.

"அக்கா, போனக் கொஞ்சம் தூக்கி வையி" என்றான் சோலைமுத்து. மேளச் சத்தத்தில் அங்கே யாருக்கும் கேட்கவில்லை. ஆசாரி குனிந்து பட்டைக்கு அடியில் போனார்.

"சார், பிள்ள மொகமே தெரியல. கீழ இந்தப் பட்ட மறைக்கிது. கொஞ்சம் அங்குட்டு நகட்டி விடுங்களேன்."

அனந்தகிருஷ்ணன் மவுஸை எடுத்து இழுத்தார். அசையாது என்று தெரிந்தும் இழுத்தார். ஜன்னலைச் சின்னதாக்கப் பார்த்தார், அதுவும் பூட்டியிருந்தது.

"நகராதுப்பா. பூட்டி வச்சிருக்காங்க."

"இதப் போயி எதுக்கு சார் பூட்டுறாக?"

"முன்னாடி ஒரு நாள் ஒருத்தர் இதை எடுத்து ஓரமா வச்சுட்டார். இடது பக்கம், ஓரத்துல. அதுலேர்ந்து பூட்டிட்டாங்க."

சோலைமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுத்தான். இடது பக்கம், ஓரம் என்கிற வார்த்தைகளை அன்று விசாரணையில் அவனே சொல்லியிருந்தான்.

"இதுக்குப் பேரு என்ன சார்?"

சொல்லாமல் இருந்துவிட முடியும் என்று அனந்தகிருஷ்ணனுக்குத் தெரியும். இத்தனை நாளும் அதைத்தானே செய்தார்.

"டாஸ்க்பார்" என்றார். "இதைத்தான் அன்னைக்கு உன்கிட்ட கேட்டாங்க. நகர்த்தி வச்சது நான்."

சோலைமுத்து அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. அங்கே மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. பட்டைக்கு அடியிலிருந்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. நாகஜோதியின் முகம் சிரிப்பும் வியர்வையுமாகக் கேமராவுக்கு மிக அருகில் வந்தது.

"முத்து, குத்தியாச்சுடா. நீ குடுத்துவிட்ட தோடு போட்டாச்சு. நல்லாப் பாத்தியாடா?"

அவன் அனந்தகிருஷ்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்துட்டேன்க்கா" என்றான்.